கியர் மாறும்போது ஏன் உலுக்குகிறது?

கார் ஓட்டப் பழகுபவருக்கு முதலில் வேர்த்துக் கொட்ட வைப்பது கிளச்சு மிதிதான். காலை மிக மெல்ல எடுத்தால் எஞ்சின் இரைகிறதே தவிர வண்டி நகர மறுக்கிறது. சட்டென எடுத்தால் ஒரு குதி குதித்து நின்றுவிடுகிறது. பழகிய ஓட்டுநரின் கால் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய வழியைத் தானே கண்டுகொள்கிறது. அந்தக் காலின் வேலையை எண்ணெயிடமும் சில வால்வுகளிடமும் ஒப்படைத்த பொறியே தானியங்கிக் கியர் பெட்டி.

அது நன்றாக இயங்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. கியர் மாறும்போது 'தடக்' என்று ஓர் உலுக்கல் ஏற்பட்டால்தான் கவலை தொடங்கும். இந்தப் பெட்டி முதலில் பெருகிய அமெரிக்காவில், பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டும் மாணவருக்கும் தொழிலாளிக்கும் இந்தக் கவலை மிகப் பழையது. பெட்டியைக் கழற்றிப் புதுப்பிக்க ஆகும் செலவு, சில சமயம் காரின் விலையையே எட்டிவிடும். ஆனால் உலுக்கலுக்குக் காரணம் பல நேரங்களில் பெட்டிக்கு வெளியே, சில காசு பெறும் ரப்பர்க் குழாயிலோ எண்ணெயிலோ இருப்பதும் உண்டு. ஏன் அப்படி என்பதைப் பெட்டியின் வரலாறே விளக்குகிறது.

கப்பலில் பிறந்த கருத்து

இக்கதையின் தொடக்கம் காரில் அன்று, கப்பலில். 1905-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் இருந்த வல்கன் கப்பல் தளத்தில் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற பொறியாளர் ஒரு காப்புரிமை பெற்றார். (அந்நகர் இன்று போலந்தில் உள்ளது.) நீராவிச் சுழலி வேகமாகச் சுழல வேண்டும், கப்பலின் உந்து விசிறியோ மெதுவாகச் சுழல வேண்டும். இரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே அவர் முன் இருந்த சிக்கல். ஒரே கூட்டுக்குள் இரு சக்கரங்களை எதிரெதிரே வைத்து, இடையில் திரவத்தை நிரப்பினார். ஒரு சக்கரம் திரவத்தை வீசி எறிய, மற்றது அதனால் தள்ளப்பட்டுச் சுழன்றது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும் அல்லவா? அதே தத்துவம்தான், காற்றுக்குப் பதில் திரவம்.

இதில் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. ஆகவே அதிர்ச்சியும் இல்லை. 1920-களில் ஹரால்டு சின்க்ளேர் என்ற ஆங்கிலப் பொறியாளர் இதன் அருமையைப் பேருந்துக்கு ஏற்றுப் பார்த்தார். புறப்படும்போது பயணிகளை முன்னும் பின்னும் தள்ளாட வைத்த லண்டன் பேருந்துகளுக்கு இது நல்ல மருந்து என்று அவருக்குத் தோன்றியது. 1930-இல் டைம்லர் நிறுவனம் தன் கார்களில் இந்த எண்ணெய்ப் பிணைப்பைப் பொருத்தியது. புறப்பாடு மென்மையாயிற்று. ஆனால் கியரை மாற்றுவது அப்போதும் ஓட்டுநரின் வேலையாகவே இருந்தது.

இரண்டு தொகுதிகள், நான்கு வேகங்கள்

அந்த வேலையையும் பொறியிடம் ஒப்படைத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஏர்ல் தாம்சன். உரசல் ஒலியின்றிக் கியர் விழச் செய்யும் 'சிங்க்ரோமெஷ்' அமைப்பை உருவாக்கியவரும் இவரே. 1928-இல் அது காடிலாக் கார்களில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் இவர் தலைமையில் உழைத்த குழுவின் முயற்சி, 1937-இல் பாதி தானியங்கியாக வெளிவந்து, 1939-இல் முழுமை பெற்றது. 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கு, கூடுதலாக 57 டாலர் கொடுத்தால் 'ஹைட்ரமாட்டிக்' கிடைத்தது. கிளச்சு மிதியே இல்லாத கார்!

இதன் உள்ளமைப்பை அறிவது பயனுள்ளது. பின்னால் எதையும் பிரிக்காமலே குறையைக் கண்டுபிடிக்க அதுவே நமக்கு உதவப் போகிறது.

முன்னே செல்வதற்கு ஹைட்ரமாட்டிக்கில் இரண்டு கோள் பற்சக்கரத் தொகுதிகள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றிச் சிறு கோள் சக்கரங்கள், அனைத்தையும் சூழ ஒரு வளையச் சக்கரம். இதில் ஓர் உறுப்பை அசையாமல் பிடித்துக்கொண்டால் வேகம் குறைந்து திருப்பு விசை பெருகும். உறுப்புகளை ஒன்றோடொன்று பூட்டிவிட்டால் முழுத் தொகுதியும் ஒரே கட்டையாகச் சுழலும், வேகம் மாறாது. பிடித்து நிறுத்துவது உருளையைச் சுற்றி இறுகும் ஒரு பட்டை. பூட்டுவது ஒரு கிளச்சு. இரண்டையும் இயக்குவது எண்ணெய் அழுத்தம்.

முன் தொகுதி பட்டையில் இருந்தால் வேகம் 1.45-இல் ஒரு பங்காகும். பின் தொகுதி பட்டையில் இருந்தால் 2.63-இல் ஒரு பங்காகும். இரண்டும் பட்டையில் இருந்தால் இரண்டையும் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 3.82. அது முதல் கியர். முன் தொகுதி மட்டும் பூட்டப்பட்டால் 2.63, இரண்டாவது கியர். பின் தொகுதி மட்டும் பூட்டப்பட்டால் 1.45, மூன்றாவது. இரண்டும் பூட்டப்பட்டால் 1, நான்காவது. 'பட்டை' என்பதை 0 என்றும் 'பூட்டு' என்பதை 1 என்றும், பின் தொகுதியை முதலிலும் முன் தொகுதியை அடுத்தும் எழுதிப் பாருங்கள்: 00, 01, 10, 11. இரும எண்களில் எண்ணிக்கொண்டே போகிறது இந்தப் பெட்டி!

இப்போது வேடிக்கை எங்கே என்று பாருங்கள். முதலிலிருந்து இரண்டுக்குப் போக ஓர் இலக்கம் மாறினால் போதும். மூன்றிலிருந்து நான்குக்கும் அப்படியே. ஆனால் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக, 01 என்பது 10 ஆக வேண்டும். இரண்டு இலக்கங்களும் ஒரே கணத்தில் மாற வேண்டும். முன் தொகுதியின் கிளச்சு விடும்போதே அதன் பட்டை பிடிக்க வேண்டும். அதே நொடியில் பின் தொகுதியின் பட்டை விட்டு, கிளச்சு பிடிக்க வேண்டும். ஒன்று சற்று முந்தினால் எஞ்சின் பிடிப்பின்றி வெறுமையாக இரையும். சற்றுப் பிந்தினால் இரு கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பழைய ஹைட்ரமாட்டிக்கின் புகழ்பெற்ற உலுக்கல் இந்த இரண்டு–மூன்று மாற்றத்தில்தான் குடியிருந்தது. அதைத் தணிக்க 1956 மாதிரியில் இரண்டாவதாக ஒரு சிறிய எண்ணெய்ப் பிணைப்பையே உள்ளே வைத்தார்கள்.

இந்த இரும எண்ணைத் தெரிந்தவர் காசு செலவில்லாமல் நோயைக் கண்டுபிடிக்கலாம். வண்டியைச் சாலையில் ஓட்டி எந்தெந்தக் கியரில் வழுக்குகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். ஒன்றிலும் இரண்டிலும் வழுக்கினால் பின் பட்டை. ஒன்றிலும் மூன்றிலும் என்றால் முன் பட்டை. இரண்டிலும் நான்கிலும் என்றால் முன் கிளச்சு. மூன்றிலும் நான்கிலும் என்றால் பின் கிளச்சு. எல்லாக் கியரிலும் வழுக்கினால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்: எண்ணெயின் அளவு அல்லது அழுத்தம். பின்னர் வந்த பெட்டிகளின் உள்ளமைப்பு வேறு. ஆனால் எந்தக் கியரில் எந்தப் பட்டை, எந்தக் கிளச்சு வேலை செய்கிறது என்ற அட்டவணையைப் பழுதுபார்க்கும் கையேடுகள் தருகின்றன. திருகாணியைத் தொடுமுன் அந்த அட்டவணையைப் பார்ப்பவரே நல்ல மெக்கானிக் என்பது என் கருத்து.

எண்ணெயே கணக்கிடுகிறது

எப்போது கியரை மாற்றுவது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? அக்காலத்தில் மின்னணுக் கணிப்பொறி ஏது? இரண்டு எண்ணெய் அழுத்தங்கள் ஒரு வால்வின் இருபுறமும் மோதிக்கொள்கின்றன. ஒன்று, வெளிவரும் தண்டில் பொருத்திய சுழல் எடைகளால் கட்டுப்படுவது. வண்டியின் வேகம் கூடக்கூட மைய விலக்கு விளைவால் இவ்வழுத்தம் ஏறும். மற்றது எஞ்சின் சுமையைக் காட்டுவது. ஓட்டுநர் முடுக்கியை மிதிக்க மிதிக்க இது ஏறும். வேகத்தின் அழுத்தம் வென்றால் மேல் கியர். மிதியின் அழுத்தம் வென்றால் கீழ்க் கியரிலேயே இரு என்று பொருள். சுமை அதிகமாக இருந்தால் பட்டையும் கிளச்சும் இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பதால், பிடிப்பின் அழுத்தத்தையும் இதே செய்தி கூட்டிக் குறைக்கிறது.

ஆக, சுமையைப் பற்றிய செய்தி பொய்யாக வந்தால் பெட்டி பாவம் என்ன செய்யும்? தொடக்கத்தில் இச்செய்தியைக் கொண்டுவந்தது கார்புரேட்டரிலிருந்து வரும் ஓர் இரும்புக் கம்பி. பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு நிறுவனங்களின் பல பெட்டிகளில் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் உள்ள வெற்றிடம் அந்த வேலையைச் செய்தது. சுமை குறைவாக இருக்கும்போது அங்கு வெற்றிடம் மிகுதி. முடுக்கியை அழுத்தினால் வெற்றிடம் குறையும். ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் இதைப் பெட்டியின் பக்கத்தில் உள்ள ஒரு சிறு தகரக் குப்பிக்குக் கொண்டுவருகிறது. குப்பிக்குள் ஒரு ரப்பர்ச் சவ்வு.

இந்தக் குழாய் வெடித்தாலோ கழன்றாலோ குப்பிக்கு வெற்றிடம் கிடைக்காது. ஓட்டுநர் முடுக்கியை முழுவதும் மிதித்திருக்கிறார் என்று பெட்டி நம்பிவிடும். கியர் தாமதமாக மாறும். மாறும்போது முழு அழுத்தத்தில் 'தடக்' என்று இடிக்கும். பெட்டிக்குள் ஒரு குறையும் இராது. ஒரு சாண் ரப்பர்க் குழாய்தான் மருந்து. சவ்வு கிழிந்தாலோ இன்னொரு வேடிக்கை நடக்கும். எஞ்சின் கியர் பெட்டியின் எண்ணெயை உறிஞ்சி எரிக்கத் தொடங்கும். புகைபோக்கியில் வெண்புகை வரும். எண்ணெய் மட்டம் காரணமின்றிக் குறையும். குழாயைக் குப்பியிலிருந்து கழற்றி உள்ளே எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், நோய் தெரிந்துவிடும்.

அரை வினாடியின் கணக்கு

உலுக்கல் எவ்வளவு இருக்கும் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சினின் சுழலும் பாகங்களின் நிலைமத் திருப்புத்திறன் 0.2 கி.கி. மீ² என்று வைத்துக்கொள்வோம். மேல் கியருக்குப் போகும்போது அதன் வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்றிலிருந்து 2000 சுற்றாக இறங்க வேண்டும். வேக மாற்றம் வினாடிக்கு ஏறத்தாழ 105 ரேடியன். இந்த இறக்கம் அரை வினாடியில் நடந்தால் கிளச்சு தர வேண்டிய கூடுதல் திருப்பு விசை 42 நியூட்டன் மீட்டர். அதுவே 0.1 வினாடியில் நடந்தால் 210 நியூட்டன் மீட்டர். ஐந்து மடங்கு! அதுதான் நம் கழுத்தைச் சுண்டும் உலுக்கல்.

அப்படியானால் இரண்டு வினாடி எடுத்துக்கொண்டு மிக மெதுவாக மாற்றினால் என்ன? எஞ்சின் இழக்கும் இயக்க ஆற்றல் எப்படியும் சுமார் 5500 ஜூல். அதோடு, வழுக்கும் நேரம் முழுவதும் எஞ்சின் தரும் ஆற்றலின் ஒரு பகுதியும் வெப்பமாகிக் கிளச்சுத் தகட்டில் இறங்கும். மென்மையாகத் தோன்றும் அந்த மாற்றம் தகட்டைக் கருக்கிவிடும். மிகவும் வழவழப்பான கியர் மாற்றம் எப்போதும் நல்ல அறிகுறி அன்று. பழைய கார் வாங்குபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கியரே மாறாவிட்டால் உலுக்கல் ஏது என்று எண்ணிய ப்யூக் பிரிவினர், 1948 மாதிரியில் 'டைனஃப்ளோ' என்ற பெட்டியைக் கொண்டுவந்தனர். சாதாரண ஓட்டத்தில் திரவமே திருப்பு விசையைப் பெருக்கியது. வெண்ணெய் போன்ற ஓட்டம்தான். ஆனால் புறப்பாடு மந்தம். பெட்ரோல் செலவும் மிகுதி. மக்கள் அதற்கு 'டைனஸ்லஷ்', அதாவது சேற்றுக்குழம்பு என்று பட்டப்பெயர் வைத்தனர்.

திமிங்கிலத்தின் பங்கு

கிளச்சுத் தகடுகள் எண்ணெயில் ஊறிக்கொண்டே உராய்கின்றன. இங்கே ஓர் இயற்பியல் சிக்கல் உண்டு. ஓய்வு நிலை உராய்வு நழுவும் உராய்வைவிடப் பெரியது என்று வகுப்பில் ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். கரும்பலகையில் சுண்ணக்கட்டி 'கிரீச்' என்று கத்துவது அந்த ஒரு வரியால்தான்: ஒட்டுகிறது, விடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. கிளச்சிலும் இதுவே நடக்கும். தகடுகளின் வேகங்கள் சமமாகப் போகும் கடைசிக் கணத்தில் உராய்வு திடீரென உயர்ந்து வண்டியைச் சுண்டும். அல்லது நடுங்க வைக்கும்.

இதைத் தடுக்க எண்ணெயில் 'உராய்வு திருத்தி' ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீண்ட வால் கொண்ட மூலக்கூறுகள் உலோகப் பரப்பில் தலையை ஊன்றிப் புல்வெளிபோல் நின்றால், குறைந்த வேகத்தில் உராய்வு ஏறாது. 1949-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தானியங்கிப் பெட்டிகளுக்கென 'ஏ வகை' எண்ணெயைத் தரப்படுத்தியது. அக்கால எண்ணெய்களில் இந்த வேலைக்குப் பொருத்தமாக அமைந்தது எது தெரியுமா? ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். நம் சமையல் எண்ணெய்கள் கிளிசரைடுகள். திமிங்கிலத்தின் எண்ணெயோ பெரும்பாலும் திரவ மெழுகு. வெப்பத்தையும் அழுத்தத்தையும் அது நன்கு தாங்கியது. அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் கார் உலுக்காமல் ஓட, கடலில் திமிங்கிலங்கள் ஈட்டிக்கு இரையாகிக்கொண்டிருந்தன. காரை ஓட்டியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

1970-இல் அமெரிக்க அரசு ஸ்பெர்ம் திமிங்கிலத்தை அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அதன் எண்ணெய் இறக்குமதியும் தடைப்பட்டது. வேதியியலார் அவசர அவசரமாக மாற்றுப் பொருள் தேடினர். ஜெனரல் மோட்டார்ஸ் 1973-இல் கொண்டுவந்த 'டெக்ஸ்ரான் 2' திமிங்கிலமற்ற எண்ணெய். அதன் முதல் வடிவம் ரேடியேட்டருக்குள் உள்ள குளிர்விப்பானின் பற்றாசு இணைப்புகளை அரித்ததால், அரிப்பைத் தடுக்கும் திருத்திய வடிவம் ஒன்று வேண்டியதாயிற்று. இத்தேடலில் புகழ் பெற்ற ஒரு பாலைவனச் செடி ஹொஹோபா. அதன் விதையின் எடையில் ஏறத்தாழ பாதி, திமிங்கில எண்ணெயை ஒத்த திரவ மெழுகு. நம் ராஜஸ்தானிலும் இன்று அது பயிராகிறது. ஆயினும் விலை காரணமாக, பெட்டிகளில் பெரும்பாலும் இடம் பிடித்தவை செயற்கைச் சேர்மங்களே.

ஃபோர்டு நிறுவனம் இதில் எதிர்த்திசையில் நடந்தது. அதன் 'எஃப் வகை' எண்ணெயில் உராய்வு திருத்தி கிடையாது. கிளச்சு வெடுக்கென்று பிடிக்கட்டும் என்பது அவர்கள் கொள்கை. அதற்கேற்பவே தகடுகளையும் அமைத்தனர். இதனால் வந்த தொல்லை பெரிது. டெக்ஸ்ரானுக்கான பெட்டியில் எஃப் வகையை ஊற்றினால் உலுக்கும். எஃப் வகைக்கான பெட்டியில் டெக்ஸ்ரானை ஊற்றினால் வழுக்கும். நிறமோ இரண்டுக்கும் சிவப்பு! கையில் இருந்த டப்பாவை ஊற்றிவிட்டு, 'பெட்டி போய்விட்டது' என்று கலங்கியவர்களுக்குச் சரியான எண்ணெயே சிகிச்சையாக இருந்திருக்கும்.

மெலிந்த பணப்பையின் வைத்தியம்

இனி, அக்காலத்துப் பெட்டி உலுக்கினால் எங்கிருந்து தொடங்குவது என்பது தெளிவு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் சூடாக இருக்கும்போது, கையேடு சொல்லும் நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, அளவுக் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். மிகுந்தாலோ சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். காற்று கலந்த எண்ணெய் அழுத்தம் தராது. ஆகவே குறைவுக்கும் மிகைக்கும் ஒரே நோய்க்குறி! சிவப்பு நிறம் பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தால் தகடு தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் புது எண்ணெய் ஊற்றுவது வீண் செலவாகவே முடியலாம்.

அடுத்து வெற்றிடக் குழாய் அல்லது கார்புரேட்டர்க் கம்பி. நிறுத்தத்திலிருந்து 'ஓட்டு' நிலைக்கு நெம்புகோலைத் தள்ளும்போது மட்டும் இடித்தால், எஞ்சினின் வெற்றோட்ட வேகம் மிகுந்திருக்கலாம். ஒரு திருகைத் திருப்பினால் தீரும். தேய்ந்த எஞ்சின் தாங்கியும், பின்சக்கரத்துக்குச் செல்லும் தண்டின் தேய்ந்த மூட்டும் இதே 'தடக்' ஒலியைத் தருவதுண்டு. பழி மட்டும் கியர் பெட்டியின் மேல். பல பெட்டிகளில் பட்டையின் இறுக்கத்தைக்கூட வெளியிலிருந்தே திருத்தலாம். ஃபோர்டின் 'சி 4' பெட்டியில் இடைக் கியர்ப் பட்டையின் திருகை 10 அடி-பவுண்டு விசைக்கு இறுக்கி, பிறகு ஒன்றே முக்கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். ஒரு முறுக்குமானி ஸ்பானரும் கால் மணி நேரமும் இருந்தால் போதும். எல்லாவற்றையும் பார்த்த பிறகும் உலுக்கல் நீங்கவில்லை என்றால்தான் பெட்டியைக் கழற்றும் பேச்சு.

1980-களிலும் 90-களிலும் மின்னணுக் கணிப்பொறி இந்த வேலைகளைக் கைப்பற்றியது. இப்போது அழுத்தத்தை ஆள்வது மின்காந்த வால்வு. கியர் மாறும் கணத்தில் எஞ்சினின் விசையையே சற்றுக் குறைத்து உலுக்கலைத் தணிக்கிறது கணிப்பொறி. தகடு தேயத் தேய அழுத்தத்தையும் தானே திருத்திக்கொள்கிறது. நம் நாட்டில் 2014-இல் மாருதி செலேரியோவுடன் மலிவாகப் பரவத் தொடங்கிய 'ஏஎம்டி' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. அது சாதாரணக் கியர் பெட்டியை ஓர் இயக்கி ஓட்டுநருக்குப் பதிலாக இயக்கும் ஏற்பாடு. இங்கே சொன்ன எண்ணெய் வைத்தியம் அதற்குப் பொருந்தாது.

புதிய பெட்டிகளில் இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. 'வாழ்நாள் எண்ணெய்' என்று சொல்லிப் பல தயாரிப்பாளர்கள் அளவுக் குச்சியையே நீக்கிவிட்டனர். அத்தகைய பெட்டியில் எண்ணெய் மட்டம் அறிய வண்டியைச் சாயாமல் மேலே தூக்கி, எண்ணெயின் வெப்பநிலையைக் கருவியால் அளந்து, குறித்த வெப்பநிலையில் அடியில் உள்ள அடைப்பைத் திறந்து, மெல்லிய தாரையாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு ஒரு துணித்துண்டும் அரை நிமிடமும் போதுமாயிருந்த சோதனை இது.